அக்கா நேராகப் பார்க்கிறார்

அட்டையைப் புரட்டிவிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். ஒருமுறை திரும்பிப் போய் அந்தப் படத்தைப் பாருங்கள். அக்கா நேராகப் பார்க்கிறார். வலக்கண் உங்களைப் பார்க்கிறது. இடக்கண் பார்க்கவில்லை. அது செய்து வைத்த கண். படத்தைப் பெரிதாக்கித் தந்த ஸ்டுடியோக்காரர், "அண்ணே, ரெண்டு கண்ணையும் ஒண்ணுபோல ஆக்கிரவா? ரெண்டு நிமிசச் சோலி" என்று கேட்டார். ஆக்கிவிடும்படிதான் சித்தப்பாவும் சொன்னார். நான் வேண்டாம் என்றேன்.

நம் வீட்டு ஆல்பங்களில் அக்காவுக்கு வலது கன்னம் மட்டும்தான் உண்டு. கூட்டமாக எடுத்த படங்களில் இடது ஓரம் அவருடைய இடம். முகத்தைச் சற்றுத் திருப்பி நிற்கச் சொல்வோம். நாம் எல்லோரும் சேர்ந்துதான் திருப்பினோம். இன்று முதலாண்டு நினைவு நாளில், நம் வீட்டு நினைவு மலரின் அட்டையில், முதன்முறையாக அவர் நேராகப் பார்க்கிறார்.

அக்கா பிறந்தது திருமங்கலத்துக்கு மேற்கே, கரிசலில், நம் அப்பா பிறர் நிலத்தில் உழைத்த காலத்தில். ஒன்றரை வயதில் விளக்கு வெளிச்சம் படும்போது இடக்கண்ணின் கருமணி வெள்ளையாக மின்னியது. பூனைக்கண், அதிர்ஷ்டம் என்றார்கள். கண்ணுக்குள் பச்சிலைச் சாறு விட்டார்கள். கண் பிதுங்கத் தொடங்கியபோது அம்மா யாரையும் கேட்காமல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினார். கண்ணுக்குள் புற்று, கண்ணை எடுத்தால்தான் பிள்ளை தங்கும் என்றார் டாக்டர். பின்னாலேயே வந்த பங்காளிகள், கண் போன பெண்ணை யார் கட்டுவார் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று வாதாடினார்கள். அம்மா சொன்னது ஒரே வாக்கியம்.

"கண்ணா புள்ளையான்னா புள்ளதான். இதுல யோசிக்க என்ன கெடக்கு?"

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா கைநாட்டு வைத்தார். இரண்டு பட்டம் வாங்கிய நான் பிற்பாடு வைக்காத கையெழுத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அந்தக் கட்டைவிரலை மறந்துவிடாதீர்கள்.

பிள்ளை தங்கியது. ஆனால் தங்கிய பிள்ளையை நாம் வைத்துக்கொண்ட விதம் இருக்கிறதே! நல்ல காரியத்துக்கு யாராவது கிளம்பினால் அக்கா பின்கட்டுக்குப் போய்விட வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு செருமல் போதும். பெண் பார்க்க வந்தபோது இடப்பக்கம் சுவர் வருகிற மாதிரி நாற்காலி போட்டோம். முதல் முறை அக்கா சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் முறை தட்டைக் கீழே வைத்துவிட்டு, வந்தவர்களுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். பஜ்ஜி ஆறுவதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். மூன்றாம் முறை என்று ஒன்று நடக்க அக்கா விடவில்லை.

பிறகுதான் மதுரையில் ஒரு கண் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். கண்ணில் புற்று வந்த குழந்தைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பது அந்தப் பிரிவின் வேலை. எந்தச் சிகிச்சைக்குக் கண் பிழைக்கிறது, எதற்கு உயிர் மட்டும் பிழைக்கிறது, நோய் திரும்பி வருகிறதா என்பதெல்லாம் பிள்ளைகள் திரும்ப வந்தால்தான் தெரியும். பயந்துபோய்ப் பாதியில் நின்றுவிடுகிற குடும்பங்களைத் தேடிப் போவது அக்காவின் வேலை.

வண்டியூரில் ஒருவர் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே கேட்டாராம்: "ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டு எம் புள்ளைக்குக் கண்ணு பாக்க வாரீகளாக்கும்?"

"ஆமாண்ணே. ஒத்தக் கண்ணுக்கே எனக்குத் தெரியுது. ஒங்களுக்கு ரெண்டு இருந்தும் தெரியலயே."

கதவு திறந்தது. டீயும் வந்தது. மறுநாள் பிள்ளையும் ஆஸ்பத்திரிக்கு வந்தது. இப்படித் திறந்த கதவுகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. அக்கா எண்ணவில்லை. நாமோ கேட்கவே இல்லை.

இந்த நோய் சில குடும்பங்களில் ரத்தத்தோடு இறங்கும் என்று மருத்துவர்கள் அக்காவிடம் சொன்னார்கள். அவருடைய ரத்தத்தில் அந்தப் பழுது இருந்தது. உறவினர்கள் ரத்தம் கொடுத்தால் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இருப்பவர்களின் குழந்தைகளைப் பிறந்த வாரத்திலிருந்தே கவனித்தால் கட்டி கடுகளவாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். அக்கா நம் வம்சத்தை வரையத் தொடங்கினார். குலசாமி கோயிலில் வரி வசூலிக்க வைத்திருக்கும் தலைக்கட்டுப் பட்டியலைத்தான் முதலில் வாங்கி வந்தார். அதில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள். கட்டிக்கொடுத்த பெண்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் நம் கோயில் கணக்கில் கிடையாது. அந்தப் பெண்களையெல்லாம் அக்கா தன் கையால் எழுதிச் சேர்த்தார். அப்போதுதான் அப்பாவின் மூத்த சகோதரிக்கு ஒரு மகன் இருந்ததும், இரண்டு வயதில் கண் பிதுங்கி இறந்ததும் தெரிந்தது. சாமி குத்தம் என்று முடித்திருந்தோம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் குடும்பத்தில் யார் இறந்தாலும் மலர்க் கட்டுரை எழுதுவது நான். அப்பாவின் மலரில், 'நோய்நொடி அறியாத வம்சம்' என்று எழுதியிருந்தேன். ஓசை நன்றாக வந்துவிட்டது என்று எனக்கு அப்போது பெருமை. அக்கா அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு எடுத்து வந்தார். கூடவே ரத்தப் பரிசோதனைக்கு ஒரு சம்மதப் படிவம்.

"இதுல ஒரு தப்பு இருக்குடா தம்பி. இந்தா, இதுல கையெழுத்துப் போட்டுத் திருத்திக்க."

என் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? கல்யாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது. வளைகாப்பு முடியட்டும் என்றேன். முடிந்தது. பிள்ளை பிறக்கட்டும் என்றேன். பிறந்தது. நம் வீடுகளில் நல்ல காரியம் ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்துக்கொண்டுதான் வரும். கெட்ட செய்தி கேட்க நாள் ஒழியாது. மூன்று வருடம் அந்தப் படிவம் என் பீரோவில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில், கசங்காமல் இருந்தது.

பேத்திக்கு எட்டு மாதம். மருமகன் மொபைலில் படம் எடுத்து, குடும்பக் குழுவில் போட்டார். வெளிச்சத்தில் குழந்தையின் இடக்கண் வெள்ளையாக மின்னியது. 'பூனைக்குட்டி' என்று எழுதினீர்கள். இதயப் படங்கள் போட்டீர்கள். நானும் போட்டேன். அக்கா எதுவும் போடவில்லை. பஸ் பிடித்து என் மகள் வீட்டுக்கே போய்விட்டார்.

மறுநாள் பரிசோதனை. இடக்கண் நிறையக் கட்டி. வலக்கண்ணில் சின்னதாக இரண்டு. வலக்கண்ணுக்குச் சிகிச்சை இருக்கிறது, இடக்கண்ணை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். பிறந்ததிலிருந்தே பார்த்துவந்திருந்தால் இரண்டையும் காப்பாற்ற முயன்றிருக்கலாம் என்றும் சொன்னார். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. சாட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அன்று மாலை பழங்காநத்தத்தில் என் வீட்டில் மகள் குழந்தையை இறுக்கிக்கொண்டு, தர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். வேறு ஊருக்குப் போகலாம், வேறு வைத்தியம் பார்க்கலாம் என்று பங்காளிகள் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மகள் அக்காவைப் பார்த்துக் கேட்டாள்: "கண்ண எடுத்துட்டா எம் புள்ள என்னத்த ஆவா, அத்த?"

அக்கா எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, தன் இடது கீழிமையை விரலால் இழுத்து, அந்தக் கண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மெல்லிய சிப்பி போன்ற ஒன்று. அதில் பழுப்பு வட்டம், நூலிழையாய்ச் சிவப்பு நரம்புகள். யாரோ பொறுமையாக வரைந்திருந்தார்கள்.

"இதுதான் ஆவா. இம்புட்டுத்தான்."

ஊர் ஊராக முன்பின் தெரியாத தாய்மார்களிடம் அக்கா இப்படித்தான் கையை நீட்டியிருக்கிறார். உடன்பிறந்த நான் ஐம்பது வயதுக்கு மேல் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். குழந்தை அதை எடுக்கக் கை நீட்டியது. மகள் அழுதாள், அழுதுகொண்டே குழந்தையை அக்காவின் மடியில் வைத்தாள். நான் பீரோவைத் திறந்தேன்.

என் ரத்தத்தில் அந்தப் பழுது இருந்தது. என் மகளிடமும் இருந்தது. இருவருக்கும் கண்ணில் ஒன்றும் வராமல், குழந்தைக்கு இறங்கிவிட்டது. இடக்கண் போனது. வலக்கண் பிழைத்தது. அந்தச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதுதான் அக்காவுக்குக் கால் எலும்பில் புற்று. அதே வேரின் இன்னொரு கிளை என்றார்கள். நான் உடைந்துபோய் உட்கார்ந்திருந்தபோது அவர்தான் தேற்றினார். "வரும்னு தெரிஞ்ச விருந்தாளிதான்டா. வாசல்ல செருப்பு கெடக்குதான்னு வருசா வருசம் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்." கடைசி வாரம்வரை பேத்தியின் அடுத்த பரிசோதனை எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஐம்பத்தெட்டு வயதில் போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அக்காவைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகக் கடைசிவரை பார்த்துக்கொண்ட ஆராய்ச்சிப் பிரிவினர். தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மா. சுடுகாடுவரை முன்வரிசையில் நடந்த வண்டியூர்க்காரர். அவருடைய மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். மாலையோடு வந்து, தீட்டுக்குப் பயந்து தெருவிலேயே நின்று திரும்பிய உறவுகளுக்கு, மாலைக்கு மட்டும் நன்றி.

கடைசிப் பக்கத்தில் அக்கா வரைந்த வம்ச வரைபடம் இருக்கிறது. பெண்களும் இருக்கிறார்கள். நோய் கண்டவர்களைக் கறுப்பில் காட்டியிருக்கிறது. பலர் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் கேள்விக்குறிதான். மாடியில் அக்காவின் அறையில் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து இரண்டு பேர் படிவங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டாயம் இல்லை. மறுக்கும் உரிமை உண்டு என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த உரிமையை மூன்று வருடம் அனுபவித்தவன் நான். கண்ணைக் கொடுத்தவள் என் பேத்தி.

இந்த மலரை வாசலில், தன் தாயின் இடுப்பிலிருந்து, உங்கள் கையில் கொடுத்தாளே, அவள்தான். இந்த வீட்டில் இன்று நீங்கள் பார்த்த முதல் முகம் அவளுடையது. நாங்கள் அவளைப் பின்கட்டுக்கு அனுப்பவில்லை. பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பந்தி போட இன்னும் நேரம் இருக்கிறது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வாருங்கள்.