உதறாத பாதரசம்

நாடெங்கும் உள்ள நூற்றுப் பதினாறு நிலையங்களின் அன்றாட உச்ச வெப்பம் மாலை ஐந்து மணிக்கு அவள் மேசைக்கு வந்து சேரும். ஆறு மணிக்கு அறிக்கை வெளியாக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவள் வேலை. பிழையைக் கண்டால் சட்டென்று சூடேறிவிடுவாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் பாதரசம் என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் எவனுக்கும் இல்லை.

அன்று அவளுக்குச் சூடேறவில்லை. நாட்டிலேயே அதிக வெப்பம் காட்டிய நிலையம் அனுப்பிய எண் 46.8. முந்தின நாளும் அதே 46.8. அங்கே அளவெடுப்பவன் அவளுடைய சொந்தத் தம்பி.

உச்ச வெப்பமானியில் ஏறிய பாதரசம் தானாக இறங்காது. எண்ணைக் குறித்ததும் கையால் உதறி, அந்நேரத்துக் காற்றின் வெப்பத்துக்கு இறக்க வேண்டும். மறந்தால் மறுநாளும் பழைய எண்ணிலேயே சட்டமாக உட்கார்ந்திருக்கும். அதனால்தான் உதறிய பிறகு காட்டும் அளவுக்கென்று பதிவேட்டில் தனிக் கட்டம் உண்டு; அந்த எண்ணும் அவளுக்கு வந்துவிடும். முந்தின நாள் அதில் தம்பி 38.5 என்று எழுதியிருந்தான். அந்நேரத்துக் காற்றின் வெப்பமோ 41. ஊரே வெந்துகொண்டிருக்க, பாதரசம் மட்டும் எந்த நிழலில் போய் ஒதுங்கியதாம்? ஏற்கெனவே இரண்டு முறை எச்சரிக்கை வாங்கியவன். இதுவும் சேர்ந்தால் வேலை போய்விடும். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

போன் செய்தாள். உதறினேன் என்று முதலில் சாதித்தான். 38.5 பற்றிக் கேட்டதும் குரல் உள்ளே போய்விட்டது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து சேதி வந்ததாம். அறையில் உட்கார்ந்தபடியே கட்டத்தை நிரப்பிவிட்டு ஓடினானாம்.

"அக்கா, இன்னைக்கு எண்ணை மட்டும் 46.7னு மாத்திடு. ஒரு புள்ளிதானே, யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேடா."

"என் பொழைப்பு போயிடும்க்கா."

அவள் போனை வைத்தாள். அவன் சொன்னதும் பொய்யில்லை. ஒரே எண் இரண்டு நாள் வந்தால்தான் கண்ணை உறுத்தும், 46.7 என்றால் ஈ, காக்கை கூடத் திரும்பிப் பார்க்காது. மணி ஐந்து ஐம்பத்திரண்டு. பட்டியல் தயாரா என்று அதிகாரி இரண்டாவது முறையாக எட்டிப் பார்த்தார். தம்பி மேல் வந்த கோபத்தைவிட, அவன் கேட்டதைச் செய்துவிடுவோமோ என்று தன் மேலேயே வந்த பயம்தான் பெரிதாக இருந்தது. அந்த ஊருக்கு நேராக, எண்ணுக்குப் பதில் ஒரு கோடு போட்டாள். குறிப்பில், முந்தின நாள் உதறப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அன்று அங்கே எவ்வளவு வெயில் அடித்தது என்பது இனி யாருக்கும் தெரியாது.

மாற்று ஆள் வரும்வரை அவனே அளவெடுக்க வேண்டும் என்று உத்தரவு போனது. மறுநாள் சரியாக ஐந்துக்குப் போன் ஒலித்தது. பேச்சு வந்த நாளிலிருந்து அக்கா என்று சொல்லாமல் அவளிடம் எதையும் ஆரம்பிக்காதவன் அவன்.

"உச்சம் 44.3. உதறின பிறகு 40.6. காத்தும் 40.6. குறிச்சுக்கிட்டீங்களா, மேடம்?"

குறித்துக்கொண்டேன் என்றாள். மூன்று எண்ணும் சரியாக இருந்தன.