ஆண்டு விழாவுக்கு இறங்கிய ஜீப்பு

சிலமலைப் பெண்களை விடியற்காலையில் மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஏற்றிப்போய், பொழுது சாய இறக்கிக்கொண்டு வருவது தங்கபாண்டியனின் ஜீப்பு. மனைவி இறந்தபின் மகள் மகாவைத் தேவாரம் என்ற ஊரில் கொழுந்தியாள் வளர்க்கிறாள். வீட்டில் அவர் ஒண்டிக்கட்டை.

ஊர்த் தொடக்கப்பள்ளியில் அன்று ஆண்டு விழா. பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க முடியாதே என்று ஜீப்பில் தாய்மார்கள் புலம்பிக்கொண்டே வந்தார்கள். தோட்டம் சேர்ந்ததும் வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் அவரே போனார்.

"அண்ணே, இன்னிக்கு மட்டும் வெரசா விடுங்க. நாளைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கொண்டாந்து விட்டுர்றேன்."

மதியமே ஜீப்பு இறங்கியது. செம்மண் ஒட்டிய சேலையோடு பெண்கள் பந்தலுக்கு ஓடினார்கள். மேடையில் பிள்ளைகள் ஆட்டத்தை மறந்து அம்மாவுக்குக் கையாட்டினார்கள். கடைசி வரிசையில் நின்று அவரும் கைதட்டினார்.

மிட்டாய் நீட்டிய சிறுமி கேட்டாள்: "நீங்க யாரோட அப்பா?"

"நான் ஜீப்பு ஓட்டுறவன், ஆத்தா."

வெளியே வந்து மகாவுக்குப் போன் போட்டார். "உங்க பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா எப்பம்மா?"

"போன வாரமே முடிஞ்சிருச்சுப்பா. நான் டான்ஸ் ஆடுனேன். சித்தி வீடியோ எடுத்துச்சு, அனுப்பச் சொல்றேன்."

பெண்கள் பிள்ளைகளோடு வீடு திரும்பிய பிறகும், அவர் ஜீப்பில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.