வியாழனுக்கு மறுநாள் மறக்கும் ரவுட்டர்

நான் கண்ணால் பார்த்த அடிதடிகளில் மிக மோசமானது ஒரு ரவுட்டரால் நடந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். புனேயில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஆகுர்டி பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இணைப்புக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. அந்த இணைப்பை வாங்கி ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் ரவுட்டர். எந்த வகையை வாங்குவது என்று முடிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. மாட்டினோமா, மறந்தோமா என்று இருக்க வேண்டும் என்றார் மேனேஜர்.

இரண்டு வகை என் மேஜைக்கு வந்தன. ஒன்று இரும்பு உடம்பு, கனம், பார்க்கச் சகிக்காது. இன்னொன்று வழவழப்பான பிளாஸ்டிக். ஒரு மாதம் இரண்டையும் ஓட்டினேன். பிளாஸ்டிக் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஐந்து நிமிடம் அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகாமல் எழுந்து வேலை செய்தது. பெரிய விஞ்ஞானி மாதிரி நாலு பக்க அறிக்கை எழுதி அதையே சிபாரிசு செய்தேன்.

நான் வளர்ந்தது புனேயிலேயே கட்கியில். அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. எங்களுக்கு ஞாயிறுதான் விடுமுறை. ஆகுர்டியில் வார விடுமுறை வியாழன். அன்று தொழிற்பேட்டை முழுக்கக் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். எங்கள் ஆபீஸில் பேட்டரி இருந்ததால் அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. ஒரு முழு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தால் அந்த ரவுட்டர் தனக்குள் பதிந்த இணைப்பு விவரங்கள் அத்தனையையும் மறந்துவிடும் என்பது, முப்பது இடங்களில் மாட்டிய பிறகுதான் தெரிந்தது.

மாட்டியவர் எங்கள் கம்பெனி டெக்னீஷியன். அவரும் கட்கிக்காரர், ஆற்காட்டுப் பக்கத்துக் குடும்பம், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வெள்ளிக்கிழமை தோறும் லேப்டாப்போடு ஸ்கூட்டரில் ஒவ்வொரு தொழிற்சாலையாகப் போய், வசவு வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் மறுபடி பதிந்துவிட்டு வருவார்.

"இன்னா தம்பி, இந்த டப்பாவுக்கு வியாயக்கெழமன்னா ஆவாதா?" என்று சிரிப்பார்.

இரண்டாவது வெள்ளியன்றே எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. சொன்னால் என் அறிக்கை நாறிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். இரும்புத் தகடு அழுத்தி உதிரிபாகம் செய்யும் பிரஸ் பட்டறை ஒன்றின் முதலாளி எழுத்தில் விளக்கம் கேட்டபோது, பொருத்தியவரின் கவனக்குறைவு என்று கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். மானங்கெட்ட வேலை. இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

அடுத்த வெள்ளி அந்தப் பட்டறைக்கு டெக்னீஷியனுடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். வரைபடம் மெயிலில் வந்து சேராததால் அங்கே பெரிய ஆர்டர் ஒன்று கைநழுவியிருந்தது. நாங்கள் உள்ளே நுழைந்ததும் முதலாளி எழுந்து வந்து, அவருடைய இடது காதோடு சேர்த்து ஓங்கி ஓர் அறை விட்டான். அவர் சுவரில் மோதி விழுந்தார். எழுவதற்குள் பட்டறை ஆட்கள் இரண்டு பேர் அவர் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள். அவன் ரவுட்டரைச் சுவரிலிருந்து பிய்த்தெடுத்து அதே காதில் திரும்பத் திரும்ப அடித்தான். பிளாஸ்டிக் உடைந்த பிறகும் நிறுத்தவில்லை. ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

"தேரி கம்பனீ நே லிகா ஹை! தேரி கல்தி ஹை, சாலே!" என்று என் கடிதத்தை அவர் முகத்தில் வைத்துத் தேய்த்தான். உன் கம்பெனியே எழுதியிருக்கிறது, தப்பு உன்னுடையது என்றான்.

நான் லேப்டாப் பையைக் கட்டிப்பிடித்தபடி கதவோரம் நின்றேன். எழுதியது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கை என் பக்கம் திரும்பியிருக்கும். அதனால்தான் சொல்லவில்லை. பயம், வேறொன்றுமில்லை.

வெளியே வந்ததும் அவர், கையோடு எடுத்து வந்த அந்தக் கடிதத்தை விரித்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இது உன் கையெழுத்து தானே?"

"அண்ணே..."

"நானா தப்பா மாட்னேன்? சொல்டா!"

நான் வாயைத் திறப்பதற்குள் அதன்மேல் குத்து விழுந்தது. கீழே தள்ளி வயிற்றில் மிதித்தார். முடியைப் பிடித்துத் தலையைத் தரையில் மோதினார். என் முன்பல் ஒன்று உடைந்தது. நான் கையைத் தூக்கவே இல்லை. ரிக்‌ஷாக்காரர்கள் ஓடிவந்து அவரை இழுத்துப் பிரித்தார்கள். அவர் அழுதுகொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விட்டார்.

மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முப்பது இடங்களிலும் இரும்புப் பெட்டியை மாட்டினோம். அதற்கு முன் அதை இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போட்டுப் பார்த்தேன், எதையும் மறக்கவில்லை. போலீஸுக்குப் போக மட்டும் மேனேஜர் விடவில்லை, பட்டறை பெரிய வாடிக்கையாளராம். டெக்னீஷியனுடைய இடது காது இனிமேல் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். ஆபீஸுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அவருடைய வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் அவர் கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். சுற்றி வந்து எனக்கு மறுபக்கம் உட்கார்ந்து, இடது காதை என் பக்கம் வைத்துக்கொண்டு டீ குடித்தார். சொல்ல வேண்டியது அத்தனையையும் நான் அந்தக் காதிடமே சொல்லி முடித்தேன்.