வீட்டின் மூக்கில் விழுந்த விரிசல்

வண்டி முகாமின் துணி துவைக்கும் கூடத்தில்தான் அந்தப் பேச்சு முதலில் வெர்லீனின் காதில் விழுந்தது. யூமா ஊர்ப் பக்கம் ஒரு தம்பதி இழுத்துப் போன வீட்டுவண்டி, ஓடும் சாலையிலேயே மூக்கு பிய்ந்து, படுக்கையறை மட்டும் அதை இழுத்த பிக்கப் லாரியின் மேல் குந்திக்கொண்டதாம். நேரில் பார்த்தவர் யாருமில்லை. சொன்ன மேவிஸுக்கு அவள் நாத்தனார் சொன்னாளாம். நாத்தனாருக்கு எரிவாயு நிரப்புகிறவன் சொன்னானாம்.

"அதுவும் உன்னுது மாதிரி வண்டிதான், வெர்லீன். அதே கம்பெனி," என்றாள் மேவிஸ், உலர்த்தும் எந்திரத்திலிருந்து போர்வையை உருவிக்கொண்டே.

"என்னுது பிய்யாது. பிய்ஞ்சா பல்லால கடிச்சுப் பிடிச்சுக்குவேன்."

மேவிஸ் சிரித்தாள். வெர்லீனுக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளாகவே அவள் படுக்கையறைக் கதவு நிலையில் முட்டிக்கொண்டு சாத்த வரவில்லை.

குளிர்காலத்துக்கு அரிசோனாப் பாலைவனத்தில் வந்து இறங்கும் வண்டிக் கூட்டத்தில் தனியாக வண்டி இழுக்கும் பெண்கள் குறைவு. வெர்லீன் ஸ்டக்கி அவர்களில் ஒருத்தி. நெப்ராஸ்காவில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பிரேக் சரியில்லாத பேருந்தை எடுக்க மாட்டேன் என்று ஒருமுறை பனியில் அதன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலாளர் வந்து கத்தினார். "முதல்ல உங்க பேரனைக் கொண்டுவந்து ஏத்துங்க. அப்புறம் எடுக்கிறேன்," என்றாள். பேருந்து போகவில்லை. அதற்குத் தண்டனையாக மாவட்டத்திலேயே மோசமான மண் சாலைத் தடத்தை அவள் தலையில் கட்டினார்கள். ஓய்வு பெறும்வரை அதையே ஓட்டினாள். விவாகரத்தில் கைக்கு வந்த பங்கைப் போட்டுத்தான் இந்த வண்டியை வாங்கியிருந்தாள். வேறு வீடு கிடையாது. "என் மாடியறை சும்மாத்தானே கிடக்கு, வந்து இரேன்," என்று லிங்கன் நகரத்திலிருந்து தங்கை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கூப்பிடுவாள். "உன் மாடியறைக்குச் சக்கரம் இருக்கா?" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுவாள் வெர்லீன்.

இந்த வகை வண்டியின் முன்பகுதி தூக்கலாக நீண்டு பிக்கப்பின் முதுகில் ஏறி உட்காரும். அந்த மூக்குக்குள்தான் படுக்கையறை. அதற்கு அடியில் ஓடும் எஃகுச் சட்டம்தான் முழு வீட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. சட்டம் நெளிய ஆரம்பித்தால் மேலே சுவர் கிழியும். முன்பொரு தடவை அவள் வண்டியின் வெளிச்சுவர் மூலையில் மயிரிழையாக ஒரு கீறல் விழுந்தபோது, மழையின் வேலை என்று நினைத்து வெள்ளைப் பசையை அப்பினாள். அந்தக் கூட்டத்தில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். அடுத்த வருடம் கீறல் பசையையும் கிழித்தது. அதன்மேல் இன்னும் கொஞ்சம் அப்பினாள். போதாததற்கு, மூக்கிலிருந்த அலமாரி நிறைய பீன்ஸும் பீச் பழமுமாக டப்பாக்கள்.

மேவிஸ் சொன்னதைக் கேட்டபின் கம்பெனிக்குப் போன் போட்டாள். கெண்டல் என்ற இளைஞன் தேனொழுகப் பேசினான்.

"இண்டியானாவுல எங்க ஃபேக்டரிக்கு இழுத்துட்டு வந்துடுங்க, மேடம். நடுவுல வேற யாராவது கை வெச்சா உத்தரவாதம் போயிடும்."

"வண்டி உங்ககிட்ட இருக்கிற வரைக்கும் நான் எங்க தூங்குறது?"

"அதை நாங்க எப்படி மேடம் சொல்ல முடியும்?"

வேறு வழி தெரியவில்லை. இரண்டு நாள் பொறுத்து, காலையில் வண்டியைப் பிக்கப்போடு பூட்டத் தொடங்கினாள்.

பூட்டும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது முகாமில் எழுதாத சட்டம். பேச்சில் ஒரு கொக்கி மறந்தால் வீடே பிக்கப்பின் மேல் விழும். நாய்க்குட்டியோடு நடப்பவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அன்று ஓரின் டேட்லோ, ஓக்லஹோமாவில் எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் செய்துவந்த பக்கத்து வண்டிக்காரன், காப்பிக் கோப்பையோடு நேரே வந்து பிக்கப்பின் முன்னால் நின்றான்.

"நிறுத்து, வெர்லீன்."

"பூட்டுறப்ப வாயைத் திறக்கக் கூடாதுன்னு உனக்கு ஒருத்தரும் சொல்லித் தரலியா?"

"அப்புறமா திட்டு. இப்ப கீறல் விழுந்த அந்த மூலையை மட்டும் பாரு. காலைத் தூக்குற பட்டனை நான் அமுக்குறேன்."

நிற்கும்போது மூக்கைத் தாங்கும் முன்கால்கள் தரையைவிட்டு எழுந்தன. பாரம் பிக்கப்பின் மேல் இறங்கியது. சுவரின் அடி விளிம்புக்கும் எஃகுச் சட்டத்துக்கும் நடுவே ஓர் இடுக்கு மெல்லத் திறந்தது. வெர்லீன் விரலை நுழைத்தாள். முழுசாகப் போயிற்று.

"கையை எடு, இறக்கப் போறேன்!"

கால்கள் ஊன்றியதும் இடுக்கு மூடிக்கொண்டது.

"இதோட இண்டியானா போனா?" என்றாள்.

"போவே. வீடு வருமான்னு தெரியல."

"நீ சரி பண்ணுவியா?"

"குழாய்க்கு வெல்டு அடிச்சிருக்கேன். வீட்டுக்கு அடிச்சதில்ல. இன்னொண்ணு, சட்டத்தை மூடியிருக்கிற தகட்டை நீதான் கழட்டணும். உன் உத்தரவாதத்தை உடைச்ச பாவம் எனக்கு வேண்டாம். கம்பெனிக்காரன் கேட்டா உன்னைத் தெரியவே தெரியாதும்பேன்."

"உன்னைத் தெரியும்னு நான் மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கப் போறேனாக்கும்!"

சொல்லிவிட்டாளே தவிர, திருகாணியில் கருவியை வைத்ததும் கை நின்றது. இதைக் கழற்றினால் கம்பெனி கை கழுவும். ஓரினின் வேலை தோற்றால் தங்கையின் மாடியறைதான். கழற்றாவிட்டால், உடைந்தது என்று தெரிந்த ஒன்றைச் சாலையில் இழுத்துப் போக வேண்டும், பின்னால் வருகிறவர்கள் யாரென்றுகூடத் தெரியாமல். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள்.

தகடு கழன்றதும் உள்ளே தெரிந்தது: வெல்டு விட்டுப் போன மூட்டு, அதிலிருந்து துரு வடிந்த கோடு. முழு நீளத்துக்கும் ஓட வேண்டிய வெல்டு, பொட்டு வைத்ததுபோல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது.

"இதையா என் தலைக்கு அடியில வெச்சு வித்தானுங்க?" என்றாள்.

பிக்கப்பைக் கழற்றி நகர்த்திவிட்டு மூக்குக்கு மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்தார்கள். மெத்தையும் சுவர்ப் பஞ்சும் வெளியே வந்தன. சத்தம் கேட்டு வந்த மேவிஸ் டப்பாக்களை வெளியே இருந்த மேசையில் அடுக்கினாள். ஓரின் பேட்டரி இணைப்புகளைக் கழற்றி, விரிசலைத் தேய்த்தெடுத்து, மூலைக்கு முக்கோண எஃகுத் தகடு வெட்டினான்.

"இனிமே மூக்குல மளிகைக்கடை வைக்காதே. இணைப்புக்குக் காத்துப்பை வெச்சதா வாங்கிப் போடு, குலுக்கல் குறையும். பூட்டுறப்பல்லாம் இந்த மூலையைப் பாரு."

"பார்ப்பேன். அப்ப நீ வாயை மூடிட்டு இரு."

மேசையில் அவள் போன் அடித்தது. மேவிஸ் எட்டிப் பார்த்தாள்.

"இண்டியானா நம்பர், வெர்லீன்! எடுத்து என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாதே. எடுக்கவே எடுக்காதே."

"கிளம்பிட்டியான்னு கேக்கத்தான் இருக்கும். பாவம், பையன்."

"கேட்டுட்டே இருக்கட்டும்."

வெர்லீன் கையுறையை மாட்டிக்கொண்டு தகட்டைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டாள். "ம், அடி," என்றாள். ஓரின் முகமூடியை இறக்கினான். தீப்பொறிகள் மணலில் சிதறின. பீச் டப்பாக்களுக்கு நடுவே போன் நடுங்கி நடுங்கி அடித்துக்கொண்டே இருந்தது.