வீங்கிய முகத்துக்கு வந்த ஆறுதல்

தாடை ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமாகியும் முகவீக்கம் வடியவில்லை.

இன்று காரைக்கால் பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா என் கன்னத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "வீட்டுக்காரரு அடிச்சிட்டாராம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் ஆறுதலே வந்துவிட்டது. "ஆம்பளைன்னா அப்படித்தான். அனுசரிச்சுப் போம்மா."

"இல்லங்க, ஆபரேஷன். கீழ்த்தாடை முன்னாடி தள்ளிக்கிட்டு இருந்துச்சு. முன்பல்லு சேராது, ஒரு வடையைக்கூட கடிக்க முடியாது."

அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம்! "அழகுக்காக யாராச்சும் மூஞ்சிய அறுத்துக்குவாங்களா? வீட்டுக்காரரு எப்படி சம்மதிச்சாரு?"

தலத்தெரு ஸ்டாப்பில் இறங்கும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

பேசாமல், "ஆமாங்க, அடிச்சாரு" என்றே சொல்லியிருக்கலாம். நல்ல குடும்பப் பெண் என்ற பெயராவது கிடைத்திருக்கும், இல்லையா?