பானெட் மேல் வைத்த பெட்டி

அமலாவுக்குக் கைநீட்டும் பழக்கம் உண்டு. அதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. திண்டிவனத்தில் நாங்கள் வேலை பார்க்கும் நூற்புழுக் கொட்டகையில் அவளிடம் அடி வாங்காதவள் நான் ஒருத்திதான் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். போன சித்திரையில் அந்தப் பெருமையும் போயிற்று.

எங்கள் வேலையே கொலை வேலைதான். மெழுகுப் புழுக்களுக்குத் தீனி போட்டுக் கொழுக்க வளர்ப்போம். பிறகு கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நூற்புழுக்களை அவற்றின் மேல் விடுவோம். அவை உள்ளே புகுந்து, புழுவைக் கொன்று, அந்த உடம்பைத் தின்றே பெருகும். செத்த புழுவை ஈரக் காகிதத்தில் போட்டு வைத்தால் ஆயிரக்கணக்கில் தண்ணீருக்கு இறங்கி வரும். அவற்றைப் பஞ்சில் ஏற்றி ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு அனுப்புவோம். காப்பிக்கொட்டையைத் துளைக்கிற வண்டு, உதிர்ந்த பழத்துக்குள் ஒளிந்திருக்கும். நூற்புழு அங்கேயே போய் அதன் கதையை முடித்துவிடும். மனுஷருக்கு ஒரு கெடுதலும் இல்லை. அமலா இதை லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

காரணம் இருக்கிறது. கோலியனூர்ப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள். ஒரு சாண் நிலம் கிடையாது. கல்யாணமான கையோடு புருஷனையும் தங்கை கலைப்பிரியாவையும் கூட்டிக்கொண்டு, மேஸ்திரி சுப்பராயலுவின் ஆளாக ஏற்காட்டுக்குப் போனாள். அங்கே வண்டுக்கு விஷ மருந்துதான். ஏழு மாதக் கர்ப்பத்தோடு டிரம்மில் மருந்து கலக்கியவள், அந்த டிரம் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். பிள்ளை பிறந்தது, அழவில்லை. ரெண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்துவிடு என்றான் சுப்பராயலு. பழம் அளக்கிற இரும்புப் படியால் அவன் மண்டையைப் பிளந்தாள். இன்றைக்கும் அவனுக்கு ஒரு காது கேட்காது. நன்றாக வேண்டும் அவனுக்கு. அவனுடைய ஆட்கள் அவளை மலையிலிருந்து அடித்தே இறக்கினார்கள். திரும்ப இங்கே கால் வைத்தால் பிணமாகத்தான் போவாய் என்றார்கள். புருஷன் அவர்களோடு நின்று வேடிக்கை பார்த்தான், கோழைப் பயல்.

தங்கை அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டாள். போன சித்திரையில் அவளுக்கு ஏழாவது மாதம். அவளுக்கும் அதே மருந்து கலக்கும் வேலை. முடியாது என்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். முதலாளி எங்கள் நூற்புழுவை விட்டுப் பார்க்கச் சம்மதித்திருந்தார். நாளைக் காலைக்குள் நூற்புழுப் பெட்டி வராவிட்டால் மருந்தைக் கலக்கச் சொல்வேன் என்று சுப்பராயலு போனில் சொல்லிவிட்டான்.

அந்த மலைக்கு அமலா போக முடியாது. அதனால் சேலம் பஸ் கண்டக்டரிடம் ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியைக் கொடுத்துக் கெஞ்சினாள்.

"உசுரு இருக்குதுண்ணா இதுல. பத்திரமா கொண்டு போயிக் குடுத்துடுங்க."

பஸ் கிளம்பிய பிறகும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. போன் போட்டாள். கவலையே படாதேம்மா, பின்னால் போட்டால் எவனாவது மிதிப்பான் என்று டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பானெட் மேலேயே வைத்திருக்கிறேன் என்றார் அவர். இவள் கத்துவதற்குள் லைன் அறுந்துபோயிற்று. சித்திரை வெயில், கொதிக்கிற பானெட். சூடு பட்டால் நூற்புழு தாங்காது. நான் ஸ்கூட்டரை முறுக்கினேன். பின்னால் உட்கார்ந்து, இன்னும் வேகமாகப் போ என்று என் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள்.

விக்கிரவாண்டி சாப்பாட்டுக் கடையில் பஸ் நின்றிருந்தது. பெட்டியைத் திறந்தோம். ஐஸ் உருகி வெந்நீராகியிருந்தது. ஒரு சொட்டு எடுத்து லென்ஸில் பார்த்தாள். ஒன்றுகூட நெளியவில்லை. எல்லாம் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டு கிடந்தன.

கண்டக்டர் பரோட்டா தின்றுகொண்டிருந்தார். எவர்சில்வர் ஜக்கை எடுத்து அவர் மூக்கில் அடித்தாள். சால்னாவில் ரத்தம் சொட்டியது. விலக்கப் போன எனக்கு விழுந்தது ஓர் அறை. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. கடை ஆட்களும் பஸ்ஸில் வந்தவர்களும் அவளை மயிரைப் பிடித்து இழுத்துப் போட்டு மிதித்தார்கள். ஒருவன் நாற்காலியால் அடித்தான். கண்டக்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. பத்திரம் பத்திரம் என்று இவள் உயிரை எடுத்ததால்தான் அந்த மனுஷன் அங்கே வைத்தார். அதை நான் சொன்னபோது உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்தாள்.

"வேணிக்கா, அடுத்த பெட்டிய நீயே மடியில வச்சிக்கினு வா. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்."

அடுத்த ஈடு தண்ணீருக்கு இறங்க ரெண்டு நாள் ஆகும். அதற்குள் இவள் என்ன கிழிக்கப்போகிறாள் என்று எரிச்சலாக இருந்தது. வேறொரு சேலம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் நடந்ததைக் கலைப்பிரியா சொல்லித்தான் தெரியும். காலையில் ஆட்கள் கூடும்போது மருந்துக் கொட்டகையில் சத்தம் கேட்டிருக்கிறது. அமலா கடப்பாரையால் மருந்தடிக்கிற பம்புகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தாள். மருந்து டிரம்களைத் தொடவில்லை. உடைத்தால் விஷம் தங்கை காலடிக்குத்தானே ஓடும். சுப்பராயலு உருட்டுக்கட்டையால் அவள் வலது கையை முறித்தான். கடப்பாரையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். கடைசிப் பம்பு நசுங்கிய பிறகுதான் கீழே விழுந்தாள். விழுந்தவளையும் உதைத்தார்கள். போலீஸ் வந்து இழுத்துக்கொண்டு போனது.

பம்பு இல்லாமல் எதை வைத்து மருந்தடிப்பார்கள்? சேலத்திலிருந்து புதுப் பம்பு வருவதற்கு முன்னால் நான் பெட்டியோடு போய்ச் சேர்ந்தேன். ஐஸ் பெட்டி மடியில் இருந்து தொடை மரத்துப் போயிருந்தது. சாயங்காலம், செடிக்கு அடியில் உதிர்ந்த பழங்கள் மேல் பூவாளியால் ஊற்றினோம். ரெண்டு மூன்று நாளில் வண்டுகள் செத்தன. மருந்தை நிறுத்திவைக்கச் சொன்னார் முதலாளி.

ஆனியில் கலைப்பிரியாவைத் தலைப்பிரசவத்துக்குத் திண்டிவனம் கூட்டிவந்தோம். ஜாமீனில் வந்திருந்த அமலா, கோணலாகக் கூடிய கையோடு பிரசவ அறைக் கதவில் காதை வைத்து நின்றாள். பக்கத்தில் ஒருத்தி இருமினதற்கு அவளை முறைத்தாள்.

உள்ளே வீறிடும் சத்தம் கேட்டது.

நர்ஸ் பிள்ளையைக் கொண்டுவந்து அமலாவிடம் கொடுத்தார். பெண். தொண்டை கிழியக் கத்தியது. எனக்குப் பாவமாக இருந்தது. வாங்கித் தட்டிக்கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன். ஒரே அடியில் என் கையைத் தட்டிவிட்டாள்; சுரீரென்று வலித்தது.

"அழுவட்டும், வுடுக்கா."