கல்யாணக் கேள்வி யாருடைய பங்கு?

இன்று காலை ஒரு நடிகரின் பேட்டி மின்னஞ்சலில் வந்தது. கேள்வியும் அவருடைய விளம்பர ஆட்களே, பதிலும் அவர்களே. எங்கே சிரித்தார் என்பதைக்கூடக் குறித்திருந்தார்கள். தமிழாக்கி என் பெயரைப் போடுவதுதான் எனக்கு மிச்சம். போட்டேன், அதில் என்ன வெட்கம்? அப்போது பக்கத்து மேசையில் யாரோ சமோசா பொட்டலத்தைப் பிரிக்க, அந்த வாசனை என்னை மும்பையில் ஜுஹு ஓட்டல் ஒன்றின் மாடிப்படிக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது மாட்டுங்காவில் ஒரு தமிழ் வார இதழில் சேர்ந்த புதிது. தாராவி வீட்டிலிருந்து நடந்தே ஆபீஸ் போய்விடலாம். இந்தி சினிமாவுக்கு ஒரு பக்கம், அந்தப் பக்கத்துக்கு நான் ஒருத்தி. ஆசிரியர் திருநெல்வேலிக்காரர். கல்யாண வதந்தியில் அடிபட்ட ஒரு இந்தி நடிகையின் பேட்டிக்கு நான் கிளம்பும்போதே சொல்லி அனுப்பினார்: “ஏ புள்ள, அவ கல்யாணச் சேதி இல்லாம வந்தேன்னா அந்தப் பக்கத்துல கிரைண்டர் விளம்பரத்தப் போட்டுருவேன், பாத்துக்க.”

ஓட்டலில் முதலில் இங்கிலீஷ் சேனல்கள், பிறகு இந்திப் பத்திரிகைகள். கடைசியில், நடிகை களைத்துப்போன நேரத்தில், ‘ரீஜனல்’ என்று எங்களை ஒரே சோபாவில் அடைப்பார்கள். மராத்தி, குஜராத்தி, போஜ்புரி, தமிழ். கிடைப்பது சில நிமிடம். அதனால் சமோசாவைத் தின்றபடி மாடிப்படியிலேயே கேள்விகளைப் பங்கு பிரித்துக்கொள்வோம். பதில்கள் எல்லோருக்கும் பொது. அந்த வாரம் நான்கு மொழியிலும் அவர் ‘நமது நிருபரிடம் மனம் திறப்பார்’. அவர் என்னோடு அரை நாள் உட்கார்ந்து பேசினார் என்று என் அம்மா இன்றும் நம்புகிறாள்.

கல்யாணக் கேள்வி எப்போதும் புதிதாக வந்தவர் தலையில். நடிகை கோபித்து எழுந்து போனால் பழியும் அவருக்கே. மராத்திப் பத்திரிகை அக்கா, நாங்கள் தாயி என்போம், அன்று என்னைப் பார்த்து, “நயீ ஹை நா? ஷாதிவாலா தூ பூச்”, புதுசுதானே, கல்யாணக் கேள்வியை நீ கேள் என்று முடித்துவிட்டார்.

உள்ளே போனோம். மேசையில் ஓரம் காய்ந்த சாண்ட்விச், யாரும் தொடாமல். என் முறை வந்தது. தயாரித்துவைத்த கேள்வியை விட்டுவிட்டு, எங்கள் வீட்டில் யார் வந்தாலும் முதலில் கேட்பதை வாய் தானாகக் கேட்டது: “மேடம், கானா காயா க்யா?” சாப்பிட்டீர்களா என்று.

தாயி என் தொடையைக் கிள்ளினார். நடிகை என்னைப் பார்த்தார், சாண்ட்விச்சைப் பார்த்தார், எடுத்துக் கடித்தார். மென்றுகொண்டே இந்தியில், “அவன் அம்மாவும் போன் எடுத்ததும் இதைத்தான் கேக்கறாங்க” என்றார்.

“எவன் அம்மா?” என்றார் தாயி, பூனை மாதிரி.

மெல்லுவது நின்றது. பிறகு அவரே சிரித்துவிட்டார். “தீபாவளி கழிச்சு சொல்லலாம்னு இருந்தோம்.”

குஜராத்திக்காரரின் ரெக்கார்டர் வழக்கம்போல ஓடவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து என்னுடையதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு நாலு பேரும் எழுதிக்கொண்டோம். ஆசிரியர் படித்துவிட்டு, “நம்மகிட்ட மட்டுந்தான் சொன்னாளோ?” என்றார், சிரிக்காமல். கிரைண்டர் பின்னட்டைக்குப் போனது.

இப்போது கல்யாணத்தை நடிகர் நடிகைகளே போட்டோவோடு அறிவித்துவிடுகிறார்கள். அழகான போட்டோக்கள், நானும் லைக் போடுகிறேன். தாயியின் பத்திரிகை நின்றுவிட்டது. பாண்டுப்பில் வீட்டிலிருந்தபடியே யூடியூபில் விமர்சனம் பேசுகிறார், என் பக்கத்தைவிட அவருக்குத்தான் கூட்டம். யாருக்கும் குறையில்லை. ஒருத்திக்குக் கிடைத்த பதிலை நாலு பேர் தலை சேர்த்துக் கேட்க உட்கார்வதுதான் இல்லாமல் போயிற்று.